நாற்பத்தோரு மாடுகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

மதியம் ஒன்று ஐம்பதுக்கு அழைப்பு வந்தது. கல்லூரி நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களுக்குத் தேதி குத்திக்கொண்டிருந்தேன். திரையில் அத்தானின் எண். "சொல்லுங்க அத்தான்" என்றேன். பேசியது ஒரு பெண்.

"ஊசியண்ணனுக்கு நீங்க என்ன வேணும்?"

"அவர் சம்சாரம் என் அக்கா."

"கொஞ்சம் உடனே வாங்க தம்பி. எங்க கொட்டகையில மாட்டுகிட்ட குனிஞ்சாரு. அப்படியே உக்காந்தாரு. எழுந்திரிக்கல."

அவளுக்கு மூச்சு வாங்கியது. கொட்டகைத் தெருவுக்குள் போன் எடுக்காது. அவருடைய சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடி வந்துதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். ஆகவே ஒன்று ஐம்பது என்பது எனக்குச் செய்தி வந்த நேரம். அவர் உயிர் போனது எத்தனை மணிக்கு என்பது யாருக்கும் தெரியாது.

அத்தானுக்கு ஐம்பத்து மூன்று வயது. கால்நடை அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் தடுப்பூசி உதவியாளர். அதற்கு முன்னால் ஒரு கோழிப்பண்ணையில் வேலை. பிறந்து சில நாளே ஆன குஞ்சுகளைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். ஒரு நாளைக்கு மூவாயிரம் குஞ்சுகள். அந்த வேலையில் அவர் வலது கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதை எடுத்தாலும், டம்ளரானாலும் சாவியானாலும், குஞ்சைப் பிடிப்பதுபோல் ஐந்து விரலையும் குவித்து, அழுத்தாமல் பிடிப்பார். டீ கொட்டிவிடுமோ என்று பார்ப்பவருக்குத்தான் பதற்றமாக இருக்கும். கொட்டாது.

"இவர் வர்றதுக்கு முன்னாடி இவர் சட்டை வீட்டுக்கு வந்துடும்" என்பாள் அக்கா. கொட்டகை வாடையைச் சொல்கிறாள். சோப்பு மாற்றினாள், சட்டையைத் தனி வாளியில் ஊறவைத்தாள், பிறகு விட்டுவிட்டாள். மகளுக்கு நான்கு வயதிருக்கும்போது, அவர் வெளியூர்ப் பயிற்சிக்குப் போன நாட்களில், அவருடைய அழுக்குச் சட்டையைக் கட்டிக்கொண்டுதான் அந்தக் குழந்தை தூங்கியது.

நகரத்தில் இருந்த நாய்கள் எல்லாவற்றுக்கும் அவரைத் தெரியும். ஒன்றுக்கும் அவரைப் பிடிக்காது. வெறிநாய்க்கடி ஊசி போட்ட கையை நாய் மறக்காது என்பார். அவரோடு கடைக்கு நடந்தால் தெருவுக்குத் தெரு குரைப்பு வரவேற்பு உண்டு. "பாத்தியா மாப்ள, மந்திரி வந்தாகூட இவ்வளவு மரியாதை கெடைக்காது." மாடுகள் அப்படியில்லை, மன்னித்துவிடும் என்பார். மாட்டுக்கு ஊசி போடுவதற்கு முன் அவர் மாட்டைப் பார்க்க மாட்டார். கயிற்றைப் பிடித்திருப்பவரைப் பார்த்து, "உங்க மருமக ஊர்லேருந்து வந்துட்டாளா?" என்று எதையாவது கேட்பார். பிடித்திருப்பவரின் பயம் கயிறு வழியாக மாட்டுக்குப் போகுமாம். அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊசி போட்டு முடிந்திருக்கும். "அட, போட்டாச்சா?" என்று அவர்கள் கேட்பதைக் கேட்க அவருக்குப் பிடிக்கும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் தொலைநிலை மருத்துவ விதிகள் வந்தன. மாட்டு மருத்துவர்கள் குறைவு, கொட்டகைகள் அதிகம். அதனால் ஒரு மருத்துவர் தலைமை அலுவலகத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அத்தானைப் போன்ற உதவியாளர்கள் கையில் ஆளுக்கொரு அலுவலகப் போன், ஓர் அனுமதி அட்டை. மாட்டின் கண்ணையும் மூக்கையும், காதில் எண்ணோடு மாட்டியிருக்கும் காது வில்லையையும் போனில் நேரலையாகக் காட்ட வேண்டும். மருத்துவர் பார்த்துச் 'சரி' என்ற பிறகுதான் ஊசி. இடையில் தொடர்பு அறுந்தால் ஊசியையும் நிறுத்திவிட வேண்டும். போட்டு முடித்ததும் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். நேரத்தையும் இடத்தையும் போனே அதில் குறித்துக்கொள்ளும். அட்டை இல்லாதவன் ஊசியைத் தொடக் கூடாது.

அத்தான் அந்த விதிகளைக் குறை சொன்னதில்லை. இதை நான் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரும் சட்டத்தைத்தான் திட்டிவிட்டுப் போனார்கள். விதி வந்த முதல் வாரமே ஒரு கன்றுக்கு ஊசி போடக் குனிந்தவரை, திரையிலிருந்த மருத்துவர் தடுத்திருக்கிறார். "அண்ணா நிறுத்துங்க, அது மூச்சு விடறதப் பாருங்க." கன்றுக்குக் காய்ச்சல். போட்டிருந்தால் போயிருக்கும். அன்று மாலை அதை எங்களிடம் வெட்கமில்லாமல் சொன்னார். "இருபத்திரண்டு வருஷமா மாட்டப் பாக்கறேன். எனக்குத் தெரியல, அந்தப் பொண்ணு டிவி பெட்டிக்குள்ளேருந்து கண்டுபிடிச்சுட்டா." அந்த மருத்துவரை அதன்பின் டாக்டரம்மா என்றுதான் சொல்வார். அத்தானின் மகளைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர்.

சிக்கல் கொட்டகைத் தெருவில் இருந்தது. கல்குவாரி மேட்டுக்குப் பின்னால், பள்ளத்தில் கிடக்கிற தெரு அது. இருபுறமும் தகரக் கொட்டகைகள், நாற்பத்தோரு மாடுகள். உள்ளே சிக்னல் கிடையாது. தெருமுனையில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று நிற்கிறது, அதன் அடியில் கிடைக்கும். ஒவ்வொரு மாடாகத் தொட்டியடிக்கு ஓட்டி வரச் சொல்லி, டாக்டரம்மாவுக்குக் காட்டி, போட்டு அனுப்புவார். மெதுவான வேலைதான். ஆனாலும் நடந்துகொண்டிருந்தது.

பிறகு தோல் கழலை நோய் வந்தது. மாட்டின் உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பும். ஈயும் கொசுவும் பரப்பும். பக்கத்துத் தெருக்களில் மாடுகள் படுக்க ஆரம்பித்ததும், நோய் பரவாமலிருக்க எந்த மாடும் தன் தெருவை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு போட்டு, தெருவுக்கும் தொட்டிக்கும் நடுவில் கயிறு கட்டிவிட்டார்கள். அதுவும் நல்ல உத்தரவுதான். இரண்டு நல்ல உத்தரவுகளுக்கு நடுவில் அத்தான் நின்றார். மாடு சிக்னல் இருக்கிற இடத்துக்கு வரக் கூடாது. சிக்னல் மாடு இருக்கிற இடத்துக்கு வராது.

என்ன செய்வது என்று மூன்று முறை எழுதிக் கேட்டார். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. 'இரு விதிகளையும் தவறாது பின்பற்றவும்.' அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். "ஒரு கால வாசல்லயும் ஒரு கால கொல்லையிலயும் வெச்சுக்கிட்டு நடங்கன்னு எழுதியிருக்காங்க. நடங்க, பாப்போம்."

தொட்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். அந்தப் பேச்சை எனக்கு அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"மாட்ட எப்படிம்மா காட்டறது?"

"அண்ணா, நான் பாக்காம சரின்னு சொல்ல முடியாது."

"அப்ப போட வேணாம்னாவது சொல்லிடுங்க."

"அதையும் என் வாயால சொல்ல முடியலண்ணா" என்றாராம் அந்தப் பெண்.

மறுநாள் காலை மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். அந்த மருந்து தூளாக வருவது. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், பிறகு அது வெறும் தண்ணீர். ஒவ்வொரு மாட்டையும், தானே டாக்டரம்மா என்று நினைத்துக்கொண்டு, கண்ணை ஒரு நிமிடம், மூச்சை ஒரு நிமிடம் பார்த்தாராம். நாற்பத்தொன்றுக்கும் போட்டு முடித்தார். பிறகு வெளியே வந்து, கை கால் கழுவி, தொட்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து நாற்பத்தோரு படிவங்களை ஒவ்வொன்றாக அனுப்பினார். படிவத்தில் 'மருத்துவர் நேரலையில் பார்த்தார்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போடாவிட்டால் படிவம் போகாது. படிவம் போகாவிட்டால் அந்த மாடு ஊசி போடாத மாடு, அதன் பாலைச் சங்கத்தில் எடுக்க மாட்டார்கள். டிக் போட்டார். நாற்பத்தொரு தடவை.

அந்தத் தெருவில் ஒரு மாடும் சாகவில்லை.

ஐந்து வாரம் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. துணைக்கு நானும் போனேன். விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வரைபடத்தில் நாற்பத்தொரு சிவப்புப் புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தண்ணீர்த் தொட்டியின் மேல் இருந்தன.

"என்னங்க இது? நாப்பத்தொரு மாடும் தொட்டி மேல ஏறிச்சா? படியிலயா, இல்ல ஏணி போட்டீங்களா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். அத்தானும் சிரித்தார். சிரித்துவிட்டு உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும், அவர் சொல்லியிருப்பார். நான் அவர் முழங்காலை மேசைக்கு அடியில் அழுத்தினேன். "எழுத்துல பதில் தர்றோம் சார்" என்றேன்.

பதிலை நான்தான் எழுதினேன். வீட்டில் படித்தவன் நான். எழுத்து எனக்கு வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். டாக்டரம்மாவின் பதிவில் அன்று அழைப்பே இல்லை என்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன், புள்ளிகளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டுக்கும் காரணம் போன்தான். 'மேற்படி செல்பேசியில் நெடுநாளாக இருந்துவந்த கோளாறு' என்று தொடங்கும் பத்தியை அக்காவுக்கு வாசித்தும் காட்டினேன். அக்கா "அடேயப்பா" என்றாள். அத்தான் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டார். "மாப்ள, போன் நல்லாத்தானே இருக்கு?"

"அத்தான், ஒப்புத்துக்கிட்டா அட்டை போயிடும். இருபத்தஞ்சு வருஷம் அத்தான்."

குவித்த விரல்களில் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார்.

போனில் கோளாறு என்று சொன்னால் போனைச் சோதிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அட்டை நிறுத்திவைப்பு. வேலையிலிருந்து நீக்கவும் இல்லை, வேலை செய்ய விடவும் இல்லை. நீக்காததால் வேறெங்கும் சேர முடியாது. தினமும் காலையில் அலுவலகம் போய்க் கையெழுத்திட்டு, சுவரோரப் பெஞ்சில் மாலைவரை உட்கார்ந்திருக்க வேண்டும். பதினான்கு மாதம் உட்கார்ந்திருந்தார். நான்காவது மாதத்தில் தெரியவந்தது, வேறொரு பகுதியில் இதே காரியத்தைச் செய்த உதவியாளர் ஒருவர் முதல் நாளே ஒப்புக்கொண்டாராம். அவருக்குத் தொண்ணூறு நாள் அட்டை நிறுத்தம்தான் தண்டனை. முடித்துவிட்டு வேலைக்குத் திரும்பியும் விட்டார். இதை அத்தானே என்னிடம் வந்து சொன்னார். சொல்லிவிட்டு உடனே, "விடு மாப்ள. நீ நல்லதுக்குத்தானே பண்ண" என்றார். திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. அவருக்குப் பதிலாகப் போட்ட உதவியாளருக்கு ஒன்பது தெருக்கள், மாதத்துக்கு ஒருமுறைதான் தலை காட்டுவார். பால்காரம்மா, அன்று எனக்குப் போன் செய்தவள், ஒரு காலையில் கன்றுக்குட்டியை வாசலுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கழிச்சல்.

"ஊசியண்ணே, தொட வேணாம். என்ன குடுக்கலாம்னு வாயால சொல்லுங்க போதும்."

"வாயால சொன்னாலும் வைத்தியம்தாம்மா. அட்டை இல்லாம யோசனை சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"கடவுளே. நாக்குக்குமா அட்டை?"

அத்தான் படியிறங்கி, கன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அதனிடம் பேச ஆரம்பித்தார்.

"என்னடா, வயிறு சரியில்லையா? கொதிக்க வெச்சு ஆறின தண்ணில உப்பும் வெல்லமும் கலந்து குடிச்சா நல்லா இருக்கும்னு உனக்கே தோணுதில்ல? நாலு தடவை? ம்? பாலக் கொறைக்கணும்னு உங்கம்மாகிட்ட நீயே சொல்லிடு."

பால்காரம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்லிட்டாண்ணே, சொல்லிட்டான்" என்று ஓட்டிக்கொண்டு போனாள். ஜன்னலில் நின்ற அக்கா, "மாட்டுகிட்ட பேசறதுக்கு விதி இன்னும் வரல, நாளைக்கு வந்துடும்" என்றாள். அன்று எல்லோரும் சிரித்தோம். ஆனால் கன்றைத் தொடாமலிருக்க அவர் கைகளைக் கட்டிக்கொண்ட விதம் நன்றாக இல்லை. இடது கை வலது மணிக்கட்டை நெரித்துப் பிடித்திருந்தது. அதன்பின் வீட்டிலும் அப்படியே நிற்க ஆரம்பித்தார். தெருவில் நாய்கள் குரைப்பது குறைந்துவிட்டது என்று ஒருநாள் சொன்னார். வாடை போய்விட்டதாம். அக்கா அந்த வாளியைத் தனியாக வைப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

பதினைந்தாவது மாதத்தில் ஆய்வுக்கூட அறிக்கை வந்தது. போனில் எந்தக் கோளாறும் இல்லை. இப்போது குற்றம் இரண்டு. விதியை மீறியது ஒன்று, பொய்யான விளக்கம் தந்தது மற்றொன்று. பதினைந்து நாளில் தகுந்த பதில் தராவிட்டால் அட்டை நிரந்தரமாக ரத்து. ஊசியே போடவில்லை, போடாமலேயே படிவம் அனுப்பியிருக்கலாம் என்றும் ஒரு வரி அதில் இருந்தது. அந்த வரிதான் அவரை உலுக்கியது. மற்றதையெல்லாம் அவர் ஒரு தடவைதான் படித்தார்.

நான் காகிதமும் பேனாவும் எடுத்தேன். அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

"இந்தத் தடவை நானே எழுதறேன் மாப்ள. உன் எழுத்து ரொம்ப அழகா இருக்கு, அதான் வம்பு."

"நான்தான் எழுதினேன்னு நானே வந்து சொல்றேன் அத்தான்."

"கையெழுத்து யாருது? சும்மா இரு."

அரைப் பக்கம் எழுதினார். மாட்டைக் காட்ட வழியில்லை, காட்டாமல் போட்டேன், காட்டியதாக டிக் போட்டேன், போன் மீது பழி போட்டது தவறு. அவ்வளவுதான். அதோடு, ஊசி உண்மையில் போடப்பட்டது என்று நாற்பத்தொரு மாட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கி இணைக்கப் போவதாகச் சொன்னார். கோடு போட்ட தாள்களில் வரிசை எண், மாட்டின் நிறம், காது வில்லை எண், கையெழுத்து என்று கட்டம் கட்டினார். ஒவ்வொரு எண்ணையும் பழைய பதிவைப் பார்த்து எழுதக் கூடாது, மாட்டின் காதைப் பார்த்துத்தான் எழுதுவேன் என்றார். "பாக்காம எழுதினதாலதானே இவ்வளவும்."

கையெழுத்து எளிதில் கிடைக்கவில்லை. அனுமதியில்லாத ஊசியை வாங்கிக்கொண்டோம் என்று எழுதிக்கொடுத்தால் சங்கத்தில் பாலை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். ஒரு மாட்டுக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டார். "உங்க மானத்துக்கு என் பாலா?" அத்தான் கோபப்படவில்லை. "ஞாயம்தான். யோசிச்சுட்டுச் சொல்லுங்க" என்று அடுத்த கொட்டகைக்குப் போனார். அந்த மனிதரே இரண்டு நாள் கழித்துத் தெருமுனையில் நின்று கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். பெஞ்சில் உட்கார வேண்டிய நேரம் போக, மதியச் சாப்பாட்டு இடைவேளையில்தான் போக முடியும். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று வீடு. வெயில். மார்பு எரிகிறது என்று அக்காவிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அவள் மோர் கொடுத்திருக்கிறாள். அதை நினைத்து இப்போது தலையில் அடித்துக்கொள்கிறாள். மோர் தவிர அவளுக்கு என்ன தெரியும்?

கெடு முடிய மூன்று நாள் இருந்தது.

அந்தக் கொட்டகைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவரைத் தூணில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மாட்டை அவிழ்த்துத் தள்ளிக் கட்டியிருந்தார்கள். டாக்டரம்மா மறுநாள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "அண்ணனோட கையும் குரலும்தான் எனக்குத் தெரியும்" என்று சொல்லி, அத்தானின் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் போன பதினாறாம் நாள் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். போன் மீது பழி போட்ட முதல் பதிலை நான்தான் எழுதினேன் என்று தனியே ஒரு கடிதமும் வைத்திருந்தேன். எழுத்தர் இரண்டையும் வாங்கவில்லை.

"ஆளே இல்லாதப்ப அட்டை யாருக்குங்க? கோப்பை மூடியாச்சு."

"அவர் ஊசி போட்டாருன்னு அதுல ஒரு வரி சேக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"மூடின கோப்புல எழுதறதுக்கு விதி இல்லைங்க." வருத்தத்தோடுதான் சொன்னார். முடிவுத்தாளின் நகலைக் கொடுத்தார். சம்பந்தப்பட்டவர் இறந்துவிட்டபடியால் மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது. குற்றம் செய்தார் என்றும் இல்லை, செய்யவில்லை என்றும் இல்லை.

திரும்பும் வழியில் கொட்டகைத் தெருவுக்குப் போனேன். பால்காரம்மா தாளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் போட்டுடறேன் தம்பி. குடுங்க." கொடுக்க எனக்குக் கை வரவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் போகவில்லை.

இருபத்தொன்பது வரிகள் நிரம்பியிருக்கின்றன. பதினெட்டு கையெழுத்து, பதினொரு கைநாட்டு. முப்பதாவது வரியில் நிறம் என்ற கட்டத்தில் 'கறுப்பு, நெற்றியில் வெள்ளை' என்று இருக்கிறது. காது வில்லையில் பன்னிரண்டு எண்கள் இருக்கும். அவர் ஏழு எண்கள் எழுதியிருக்கிறார்.